மறுகாலில் போன மீன்

என் தாய்மாமா கிரிக்கெட் பார்த்தவரல்லர். ஆயினும் ஓர் ஆட்டக்காரருக்கு என்ன விலை வைப்பது என்பதை அவரிடமிருந்தே நான் கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர்க் குளம் பாளையங்கால்வாய்த் தண்ணீரில் நிரம்புவது. அதன் மீன்பாசியை ஏலம் விடுவார்கள். முந்தைய இரண்டு மாலைகளிலும் மாமா கரையில் நடப்பார். தண்ணீர் எத்தனை மாதம் நிற்கும், வலைக்கும் ஆள்கூலிக்கும் என்ன போகும் என்றெல்லாம் கணக்கிட்டு, ஒரு தொகையைத் துண்டுத்தாளில் எழுதி மடியில் செருகிக்கொள்வார். கேள்வி அதைத் தாண்டினால் எழுந்து வந்துவிடுவார். 1992இல் மட்டும் எழவில்லை. எதிரே பங்காளி ஒருவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அத்தையின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. அந்த நவம்பரில் தாமிரபரணியில் பெருவெள்ளம். மறுகால் பாய்ந்த வேகத்தில் மீன்களும் போயின. சங்கிலி திரும்பவில்லை.

சங்கர் நகர் மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்களை 2016 முதல் பார்த்துவருகிறேன். 2023இல் அதில் முதன்முறையாக வீரர்களை ஏலம் விட்டார்கள். அணிக்கு 70 லட்சம். சாய் சுதர்சனைக் கோவை அணி 21.6 லட்சத்துக்கு எடுத்தது. ஐ.பி.எல்.லில் குஜராத் அவருக்குக் கொடுத்துவந்ததே 20 லட்சம்தான்.

நாங்கள் ஆறு நண்பர்கள் பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு மாடியில் கூடி, அதே 70 லட்சத்தை நோட்டில் எழுதிக்கொண்டு எங்களுக்கென்று ஓர் ஏலம் நடத்தினோம். 1980இல் நியூயார்க்கில் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் பேஸ்பால் வீரர்களை வைத்துத் தொடங்கிய விளையாட்டின் நம்மூர் வடிவம். பணம் கிடையாது, தோற்றவர் தேநீர் வாங்க வேண்டும்.

கணக்கு எனக்குத் தெரியும். கடைசியில் மலிவாகக் கிடைக்கும் தொடக்க ஆட்டக்காரர் 200 ஓட்டம் எடுப்பார் என்றால், 350 எடுப்பவருக்கு நாம் தரும் கூடுதல் விலை அந்த 150 ஓட்டத்துக்கானது மட்டுமே. அவர் எத்தனை ஆட்டம் ஆடுவார் என்பதையும் பார்க்க வேண்டும். குளத்தில் தண்ணீர் நிற்கும் மாதங்களைப் போல. சாய் சுதர்சனுக்கு 20 லட்சம் என்று எழுதி வைத்திருந்தேன். எதிரே இருந்த நண்பர் 26 என்று சிரித்தார். நான் 27 என்றேன்.

அவர் அபாரமாகத்தான் ஆடினார். ஆனால் இந்திய 'ஏ' அணிக்காக இலங்கை செல்ல வேண்டியிருந்ததால் இறுதியாட்டத்தில் இல்லை. அந்தத் தொடரில் அதிக ஓட்டம் எடுத்தவர் நெல்லை அணியின் அஜிதேஷ் குருசாமி, 385. எல்லார் கையும் காலியான பிறகு, அதே நண்பர் அவரை அடிமாட்டு விலைக்கு எடுத்திருந்தார்.

பலர் கேட்கும் ஏலத்தில், பொருளை மிகையாக மதிப்பிட்டவரிடமே அது வந்து சேர்கிறது. எண்ணெய் வயல் ஏலங்களைப் பார்த்து 1971இல் மூன்று அமெரிக்கப் பொறியாளர்கள் இதை எழுதினார்கள். வென்றவரின் சாபம் என்று அதற்குப் பெயர். ஆனால் என் மதிப்பீடு பிழையானதல்ல, மாமாவுடையதும் அப்படியே. தாளில் இருந்த எண் சரியாகவே இருந்தது.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது இதை அத்தையிடம் வேடிக்கையாகச் சொன்னேன். சாய் சுதர்சன் யாரென்று அவர் கேட்கவில்லை.

"எதுத்தாப்ல யாரு இருந்தா?" என்றுதான் கேட்டார்.