மலையகத்துக்கு மீண்டும் மீண்டும்

போரையும் இடப்பெயர்வையும் கண்ட குடும்பங்களில் ஒரு பெண் "சுற்றுலா போகப் போகிறேன்" என்று சொன்னால், "இந்த நிலைமையில் இது தேவைதானா?" என்ற கேள்வி முதலில் வீட்டுக்குள்ளிருந்தே எழும். வவுனியாவில் பெண்கள் குழுக்களோடு வேலை செய்யும் எனக்கு இக்கேள்வி பழகிப்போன ஒன்று. ஓய்வு வசதியுள்ளவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதே எனது பதில். ஆண்டுக்கு ஒரு தடவை, இரண்டு மூன்று நாட்களுக்கு, நான் மலையகம் சென்று வருகிறேன். ஒரே இடத்துக்கு ஏன் திரும்பத் திரும்பப் போக வேண்டும் என்று கேட்கும் தோழியருக்காக இதை எழுதுகிறேன்.

வவுனியாவிலிருந்து கண்டி வீதியால் பஸ்ஸில் சென்றால் மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை ஆகிய ஊர்கள் வரும். மாத்தளையைக் கடக்கும்போது ஒரு வரலாறு நினைவுக்கு வருகிறது. கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்ட தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டவர்கள் பலர். அவர்கள் வரத் தொடங்கி 200 ஆண்டுகள் நிறைவடைந்ததை நினைவுகூர்ந்து, 2023 யூலை, ஓகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் இடம்பெற்றது. பிள்ளையைத் தோளிலும் மூட்டையைத் தலையிலும் சுமந்து நடந்த எமக்கு அந்தப் பாதையின் வேதனையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

கண்டிக்கு அப்பால் புகையிரதப் பயணமே அழகு. நாவலப்பிட்டி தாண்டியதும் குளிர் தொடங்கும். வட்டவளை, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை என்று மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் இந்தப் பாதை 1885இல் நானுஓயாவை எட்டியது. பதுளையை அடைந்தது 1924இல். தோட்டங்களின் விளைச்சலைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்லவே இது போடப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது மண்சரிவுகளால் இப்பாதை பல இடங்களில் சிதைந்தது. ஆகவே புறப்படுமுன் புகையிரத சேவை பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள். கண்டியிலிருந்து ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் பஸ்ஸிலும் போகலாம்.

முதற்தடவை போனபோது எல்லோரும் பார்ப்பதையே நானும் பார்த்தேன். நுவரெலியாவில் கிரகரி வாவி, இலங்கையின் மிக உயரமான மலையான பீதுருதாலகாலை (2,524 மீற்றர்), சீதாஎலிய சீதையம்மன் கோவில், 1861இல் தொடங்கிய ஹக்கலைப் பூங்கா ஆகியவை ஒரே நாளில் பார்க்கக்கூடியவை. தலவாக்கலைப் பக்கம் டெவன், செயின்ட் கிளேயர் அருவிகள் உண்டு. 2012இல் மேல் கொத்மலை மின்திட்டம் தொடங்கிய பின் செயின்ட் கிளேயரில் நீர் குறைந்துவிட்டது.

அடுத்தடுத்த பயணங்களில் நுவரெலியாவை விட ஹட்டனே என்னைக் கவர்ந்தது. நுவரெலியா வருபவர்களுக்காக அலங்கரித்துக்கொண்ட நகரம். ஹட்டனோ தோட்ட மக்கள் சாமான் வாங்கவும், நகை அடகு வைக்கவும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவும் வரும் நகரம். கோ. நடேசய்யர் 1930களில் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை இங்கிருந்தே நடத்தினார். அவரது மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் தொழிலாளரின் துயரைப் பாட்டாகப் பாடி மக்களைத் திரட்டினார். பெண்கள் மேடையேறுவது அரிதாயிருந்த காலம் அது.

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியையின் வீடு இருக்கிறது. அங்கே தங்கத் தொடங்கிய பின்னரே லயத்து வாழ்க்கையைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். பெண்கள் விடியுமுன் எழுந்து சமைத்து, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, இடுப்பில் படங்கு கட்டி மலையேறுகிறார்கள். நிறுவையில் குறிப்பிட்ட கிலோ வராவிட்டால் முழுப் பேர் விழாது. அடிப்படை நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது. 2025 நவம்பரில் வாசிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் ஊக்கத்தொகையோடு 1,750 ரூபா தரப்படும் என்று அறிவித்தார்கள். அரிசி, மா விலையை அறிந்த உங்களுக்கு மீதிக் கணக்கு விளங்கும்.

அங்கே கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஓர் அம்மா எனது ஊரைக் கேட்டார். "வவுனியாவா? எங்க சின்னம்மா குடும்பம் எம்பத்தி மூணு கலவரத்துல அங்கதான் போனாங்க. பெறகு கிளிநொச்சிப் பக்கம் இருந்தாங்க. சண்டை முடிஞ்சதுல இருந்து ஒரு தகவலும் இல்ல. விசாரிச்சுச் சொல்றீங்களாம்மா?" என்றார்.

1977, 1983 கலவரங்களில் அடிபட்டு வன்னிக்கு வந்த மலையகக் குடும்பங்கள் ஏராளம். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் அவர்கள். காடு வெட்டிக் குடியேறி, எம்மோடு சேர்ந்தே இடம்பெயர்ந்து, எம்மோடு சேர்ந்தே முகாமிலும் இருந்தார்கள். ஆனாலும் "தோட்டக்காட்டார்" என்ற சொல் எமது ஊர்களில் இன்னும் ஓயவில்லை. காணி உறுதி கொடுக்கும்போதும் கலியாணம் பேசும்போதும் அந்தச் சொல் எட்டிப் பார்க்கிறது.

எமது குழுப் பெண்கள் பல மாதங்கள் விசாரித்ததில் சின்னம்மாவின் மகளைக் கண்டுபிடித்தோம். சின்னம்மா 2009இல் இறந்துவிட்டார். மகள் இரண்டு பிள்ளைகளுடன் கூலி வேலை செய்து வாழ்கிறார். தொலைபேசியில் சகோதரிகள் இருவரும் அழுதார்கள், பேசினார்கள். ஆனால் இன்னும் நேரில் காணவில்லை. போய்வர இருவருக்கும் பஸ் செலவோடு நாலு நாள் சம்பளமும் போய்விடும். விடுமுறைக்காரியான நான் ஆண்டுதோறும் போய்வரும் தூரத்தை, உறவுக்காரர்களால் கடக்க முடியவில்லை.

ஆகவே, தோழியரே, மலையகம் போவதை வீண் செலவென்று ஒதுக்காதீர்கள். மாதர் சங்கச் சேமிப்பில் மாதம் ஒரு சிறு தொகையைப் பயணத்துக்கென்று ஒதுக்கலாம். ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவில் கூட்டமும் அறை வாடகையும் கூடும், அதைத் தவிருங்கள். சனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு, ஆனால் இரவில் கடுங்குளிர். கம்பளிச் சட்டையும் காலுறையும் அவசியம். மாசியில் போனால் தோட்டங்களில் காமன் கூத்துப் பார்க்கலாம். கொழுந்து பறிப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அவர்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் கிலோக் கணக்கு.

எமது குழுவில் பன்னிரண்டு பேர் இப்போது சேமிக்கத் தொடங்கியிருக்கிறோம். சின்னம்மாவின் மகளுடைய செலவை எல்லோரும் பங்கிட்டுக்கொள்வதென்று முடிவு. வரும் மாசியில் புறப்படுகிறோம்.