அரபுக் குதிரையும் மருமகளின் கோட்டும்

குதிரையேறிப் போட்டி மைதானத்துக்குள் போகிற பெண்பிள்ளை என்ன உடுக்க வேண்டும், குதிரைக்கு என்ன பூட்ட வேண்டும் என்றெல்லாம் ஒரு மௌலவியிடம் யாராவது கேட்பார்களா? என்னிடம் கேட்டார்கள். கேட்டது என் ராத்தா. அவருடைய குடும்பம் இருபது வருடங்களுக்கு மேலாக அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கிறது. இளைய மகள், பக்கத்துப் பண்ணையொன்றில் லாயம் கூட்டி, குதிரைகளுக்குத் தீனி வைத்து, அந்த வேலைக்குப் பதிலாகச் சவாரி பழகியவள். 2023 ஆம் ஆண்டு நான் அங்கே இரண்டு மாதம் தங்கியிருந்தபோது அவளுக்கு வயது பத்தொன்பது. முதன்முறையாக ஒரு குதிரைக் காட்சிக்குப் பெயர் கொடுத்திருந்தாள்.

"தம்பி, நீ ஓதின ஆள். போகலாமா கூடாதா என்று ஒரு வார்த்தை சொல்லிப் போடு" என்றார் ராத்தா.

"மாமா, எப்படிப் போகலாம் என்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்க" என்றாள் மருமகள். கெட்டிக்காரி. கேள்வியையே மாற்றிவிட்டாள்.

அரபுக் கல்லூரியில் ஓதிய எனக்கு ஸர்ஜ் என்றால் சேணம், லிஜாம் என்றால் கடிவாளம், ரிகாப் என்றால் அங்கவடி என்று சொற்கள் தெரியும். அல்குர்ஆனின் நூறாவது அத்தியாயம் ஓடும் குதிரைகள் மீது சத்தியமிட்டே தொடங்குகிறது. ஹதீஸ் கிரந்தங்களில் குதிரையைப் பற்றித் தனிப் பாடங்களே உண்டு. ஆனால் உயிருள்ள குதிரை என்று நான் கிட்ட நின்று பார்த்ததெல்லாம் நுவரெலியாவில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நடக்கும் மட்டக்குதிரைகளைத்தான். ஆகவே தீர்ப்புச் சொல்லும் முன் லாயத்துக்குப் போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினேன்.

அவள் ஏறுவது பண்ணைக்காரரின் சாம்பல் நிறப் பெண் குதிரை, அசல் அரபு இனம். அமெரிக்காவில் அரபுக் குதிரை எப்படி என்று கேட்பீர்கள். 1893 இல் சிக்காகோ உலகக் கண்காட்சிக்கு, அப்போது உஸ்மானிய ஆட்சியில் இருந்த சிரியாப் பகுதியிலிருந்து குதிரைகள் கொண்டுபோகப்பட்டன. அவற்றில் சில அங்கேயே விலைப்பட்டுத் தங்கிவிட்டன. 1908 இல் அவ்வினத்துக்கென்று ஒரு பதிவுச் சங்கமே எழுந்தது. இன்று அரபுக் குதிரைகளுக்கென்றே அங்கு தனிக் காட்சிகள் நடக்கின்றன.

மருமகள் பெயர் கொடுத்த பிரிவுக்கு 'ஸ்போர்ட் ஹோர்ஸ் அண்டர் சேடில்' என்று பெயர். இதில் தடை தாண்டுவதில்லை. ஓட்டப் பந்தயமும் இல்லை. பல குதிரைகள் ஒன்றாக மைதானத்தைச் சுற்றிவர வேண்டும். அறிவிப்பாளர் சொல்லச் சொல்ல நடை, துள்ளுநடை, மெதுவான பாய்ச்சல்; பிறகு எதிர்ப்பக்கம் திரும்பி அதே மூன்றும். நடுவர் பார்ப்பது குதிரை எவ்வளவு தாராளமாக, மனமொப்பி நடக்கிறது என்பதை. உடுப்புக்குத் தனிப் புள்ளி கிடையாது. ஆனால் கண்ணை உறுத்தும் உடுப்பு நடுவரின் பார்வையைக் குதிரையிலிருந்து திருப்பிவிடும்.

சவாரி செய்பவர் இரண்டு மரபுகளில் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். ஒன்று டிரெஸ்ஸாஜ்: நேராகக் கீழிறங்கும் மடிப்புள்ள ஆழமான சேணம், நீண்ட அங்கவடி, சதுரமான வெள்ளை விரிப்பு, வெள்ளைக் காற்சட்டை, கறுப்புக் கோட்டு. மற்றது ஹண்டர்: முன்பக்கம் சாய்ந்த மடிப்புள்ள தட்டையான சேணம், குட்டையான அங்கவடி, சேணத்தின் உருவத்துக்கே வெட்டிய விரிப்பு, மண்ணிறக் காற்சட்டை, கடும் நீலக் கோட்டு. எதை எடுத்தாலும் தலை முதல் கால் வரை அதையே எடுக்க வேண்டும். ஒன்றின் சேணமும் மற்றதன் கோட்டுமாகப் போனால், சேலைக்கு மேல் சேர்ட் போட்ட மாதிரி இருக்கும்.

இனி ராத்தாவின் கவலைக்கு வருகிறேன். அந்தக் காற்சட்டை தோலோடு ஒட்டியது. கோட்டோ இடுப்புக்குச் சற்றுக் கீழே முடிந்துவிடுவது. "இதை உடுத்துக்கொண்டு ஊருக்கு முன்னால் போவதா?" என்று ராத்தா கேட்டதில் நியாயம் இருந்தது.

இதற்கு ஒரு வழி இருப்பதாக லாயத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அன்போடு சொன்னார். அதே காட்சியில் 'அரபு ஆடை' என்று இன்னொரு பிரிவு உண்டு. அதில் சவாரிக்காரர்கள் குஞ்சம் தொங்கும் பட்டு, பறக்கும் மேலங்கி, தொளதொளவென்ற காற்சட்டை, தலைமறைப்பு எல்லாம் அணிந்து, குதிரைக்கும் மார்பு நிறையக் குஞ்சம் கட்டி ஓட்டுவார்கள். "நீ ஏற்கெனவே முக்காடு போடுகிறாய்; அதில் சேர்ந்தால் எவ்வளவு பொருத்தம்!" என்றார் அவர்.

மருமகள் சிரித்துக்கொண்டே மறுத்தாள். வீட்டுக்கு வரும் வழியில் வாகனத்தை ஓட்டியபடி, "அது அவங்களுக்கு வேஷம் மாமா. போட்டி முடிந்ததும் கழற்றி வைத்துவிடுவாங்க. நான் கழற்ற மாட்டேனே" என்றாள். அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் என் மனம் முழுமையாக அவள் பக்கம் சாய்ந்தது. ராத்தாவிடமும் அதைச் சொன்னேன்.

தொளதொளப்பான உடுப்பிலும் ஆபத்து உண்டு. முற்காலத்தில் ஐரோப்பியப் பெண்கள் நீண்ட பாவாடையோடு ஒருபக்கமாக உட்கார்ந்து சவாரி செய்தார்கள். விழும்போது பாவாடை சேணத்தில் மாட்டிக்கொண்டு, குதிரை இழுத்துப்போக உயிரிழந்தவர்கள் உண்டு. அதனாலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டில், மாட்டினால் அவிழ்ந்துவிடும் பாவாடை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஆகவே மறைக்கவும் வேண்டும், மாட்டவும் கூடாது. காற்சட்டையை ஓரளவு பெரிதாக, தடித்த துணியில் எடுத்தோம். கோட்டைத் தொடை மறையுமளவு நீளமாக்கி, சேணத்தில் அமரும்போது விரிந்துகொடுக்கப் பின்னால் வெட்டுவிட்டுத் தைப்பது என்று ராத்தாவே முடிவு செய்தார். காலுக்குக் குதியுள்ள நீண்ட சப்பாத்து. அந்தக் குதி அழகுக்கல்ல. பாதம் அங்கவடிக்குள் நழுவிப் போகாமல் தடுப்பதற்கு.

தலைக்குப் பாதுகாப்புத் தொப்பி கட்டாயம். டிரெஸ்ஸாஜில் மேல்மட்டச் சவாரிக்காரர்கள் நெடுங்காலம் உயரமான கறுப்புத் தொப்பியையே கௌரவமாக அணிந்தார்கள். 2021 முதல் சர்வதேசச் சம்மேளனம் அங்கும் பாதுகாப்புத் தொப்பியைக் கட்டாயமாக்கிவிட்டது. இந்தத் தொப்பி தலையோடு கச்சிதமாக இருந்தால்தான் காக்கும். எனவே உள்ளே மடிப்பு மடிப்பாகத் துணி இருக்கக்கூடாது. குண்டூசி அறவே கூடாது. விழுந்தால் அதுவே குத்தும். மெல்லிய, இழுபடும் துணியில் ஊசியில்லாத ஹிஜாபை அணிந்து, அதன் மேல் வைத்துப் பார்த்தே தொப்பியை வாங்க வேண்டும். கோட்டின் நீளத்தையும் ஹிஜாபையும் பற்றிப் போட்டி அலுவலகத்துக்கு மருமகள் முன்கூட்டியே எழுதிக் கேட்டாள். கோட்டின் நிறத்திலேயே ஹிஜாப் இருந்தால் நல்லது என்று பதில் வந்தது. 2019 இல் இங்கிலாந்தின் குட்வுட் மைதானத்தில் கதீஜா மல்லா என்ற லண்டன் யுவதி ஹிஜாபோடு குதிரைப் பந்தயத்தில் வென்ற படத்தை அவள் தன் அறையில் ஒட்டி வைத்திருந்தாள்.

உடுப்புக்கு இவ்வளவு பேசிய நாங்கள் குதிரையின் உடுப்பைப் பற்றிப் பேசவில்லையே என்று தோன்றலாம். உண்மையில் அதுதான் பெரிய பிரச்சினையாக வந்தது. ஒரு நாள் முதுகில் தூரிகை போட்டபோது குதிரை சட்டென்று முதுகைத் தாழ்த்தி, காதைப் பின்னுக்கு மடித்தது. இரண்டாம் நாளும் அப்படியே. சேணம் பொருத்துபவர் வந்து தடவிப் பார்த்துவிட்டு, சேணம் இதற்கு ஒடுக்கம், நீளமும் கூட என்றார். அரபு இனத்துக்குப் பொதுவாக முதுகு குட்டை. மற்றக் குதிரைகளுக்குப் பதினெட்டுச் சோடி விலா எலும்பென்றால் இவற்றில் பலவற்றுக்குப் பதினேழு. சேணம் கடைசி விலாவைத் தாண்டிப் பின்னால் போனால் பாரம் இடுப்பில் இறங்கும். முதுகெலும்புக்கு மேலே காற்றுப் போக இடைவெளி வேண்டும். தோளும் அகலம் என்பதால் சேணத்தின் உட்சட்டம் அகன்றிருக்க வேண்டும். தலையிலும் அப்படித்தான்: நெற்றி அகலம், மூக்குச் சிறிது. நெற்றிப்பட்டி இறுகினால் காதடி நோகும்.

மருமகளின் சேமிப்பு, புதிய கோட்டுக்கும் சப்பாத்துக்கும் சரியாக இருந்தது. அல்லது பொருத்தமான ஒரு பழைய சேணத்துக்கு. இரண்டுக்கும் காணாது. "பண்ணைக்காரரின் குதிரைதானே, அவரே வாங்கட்டும்" என்றார் மச்சான். அவர் சொன்னதும் பிழையல்ல. ஆனால் பண்ணைக்காரர் அடுத்த வருடம் பார்ப்போம் என்றார். போட்டிக்கு ஐந்து கிழமைதான் இருந்தது. மருமகள் ஓரிரவு யோசித்துவிட்டுச் சேணத்தை வாங்கினாள். முதுகு ஆற இரண்டு கிழமை ஏறாமல் நடத்தியே பழக்கினாள். வாயில்லா உயிரின் நோவு கண்ணுக்குத் தெரிந்த பிறகு ஏறுவதற்கு அவளுக்கு மனம் வரவில்லை.

கடிவாளத்துக்கு எளிய ஸ்னாஃபிள் இரும்புதான். வாயோரத்தில் ஒன்றிரண்டு சுருக்கம் விழுமளவு உயரத்தில் அது இருக்க வேண்டும். மூக்குப்பட்டிக்குக் கீழே இரண்டு விரல் போக வேண்டும். அழகாகத் தெரியட்டும் என்று மூக்கை இறுக்கிக் கட்டுபவர்கள் அங்கும் இருக்கிறார்கள். 2025 இல் அந்த இறுக்கத்தை அளக்கச் சர்வதேசச் சம்மேளனம் ஓர் அளவுகருவியையே கொண்டுவந்தது.

கோட்டு? வேறொருத்தியின் பழைய கடும் நீலக் கோட்டை இரவல் வாங்கி, ராத்தா அதன் விளிம்பில் அதே நிறத் துணி ஒட்டி நீளமாக்கினார். தையல் கிட்ட நின்றால்தான் தெரியும். குதிரையின் நீண்ட பிடரிமயிரைக் கழுத்தோரமாக ஒரே பின்னலாகப் பின்னிவிட்டதும் ராத்தாதான். மகளின் தலையைப் பின்னிய கை அது.

ஒன்பது குதிரைகளில் நான்காவதாக வந்தாள். ராத்தா வேலியோரம் நின்று பார்த்தார். அடுத்த காட்சிக்குப் புதிய கோட்டு தைக்க, நல்ல கம்பளித் துணி எங்கே மலிவு என்று திரும்பும் வழியெல்லாம் மச்சானை விசாரித்துக்கொண்டே வந்தார்.