கோழிக்குப் போகாத குவியல்

விருந்தாளி வந்தால் நெத்திலிக் கருவாட்டை எடுத்து உள்ளே வைத்துவிடும் வீட்டில் வளர்ந்தவள் நான். தூத்துக்குடியில் விருந்துக்குச் சீலா வாங்குவார்கள். அது கிடைக்காத நாளில் விளைமீன். நெத்திலி, கையில் காசில்லாத நாளின் குழம்பு. மீனுக்கும் மரியாதைக்கும் இடையிலான இந்தக் கணக்கு எனக்குள் ஊறிப்போயிருந்தது. அதனால்தான் கென்யாவில், விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கும் கிசுமு நகரத்துக்குப் போனதும் முழுத் திலாப்பியா ஒன்றைப் பொரித்துத் தரச் சொன்னேன். ஏரிக்கு வந்திருக்கிறோம், ஏரியின் பெரிய மீனைச் சாப்பிட வேண்டும் என்பது என் எண்ணம்.

அந்தச் சாப்பாட்டுக் கடையிலிருந்து பார்த்தால் தண்ணீரே தெரியவில்லை. ஆகாயத்தாமரை கரையிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை பச்சையாகப் படர்ந்து கிடந்தது. அதன் நடுவே ஒரு படகு, துடுப்புப் போட முடியாமல் கழியால் ஊன்றிக்கொண்டு வந்தது. மீன் மொறுமொறுப்பாக வந்தது. கூடவே கெட்டியாகக் கிண்டிய மக்காச்சோளக் களியான உகாலி. ஏரியின் எந்தப் பக்கத்தில் பிடித்தது என்று பரிமாறிய பையனைக் கேட்டேன். அவன் மறைக்காமல் சொன்னான்: "இது ஏரி மீன் இல்லை. சீனாவிலிருந்து ஐஸில் வந்தது. ஏரி மீன் இன்று வரவில்லை. வந்திருந்தாலும் விலை கூட."

எனக்குக் கோபம் வந்தது. ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தட்டில் இருக்கும் மீனோ கடல் கடந்து வந்திருக்கிறது. மறுநாள் ஒபுங்கா என்ற ஏழைக் குடியிருப்பின் தெருவோரங்களில் மீன் முள்ளைப் பொரித்து விற்பதைப் பார்த்தேன். தொழிற்சாலையில் நைல் பெர்ச் மீனின் சதையை அரிந்தெடுத்து ஏற்றுமதிக்கு அனுப்பிய பிறகு மிஞ்சும் தலையும் நடுமுள்ளும்தான் அவை. சதை வெளிநாட்டுக்கு, முள் உள்ளூருக்கு. இந்த ஏரியில் யாருக்கு எது கிடைக்கிறது என்ற கேள்வி அங்கேதான் என்னைப் பிடித்துக்கொண்டது. வேறு எதையும் பார்க்கப் பிடிக்காமல் மேற்கே கிளம்பினேன்.

மட்டாட்டு என்கிற வேனில் லுவாண்டா கொத்தியெனோ வரை போய், அங்கிருந்து ஏரியின் வளைகுடா வாயைப் படகில் கடந்தால் எதிர்க்கரையில் ம்பிட்டா என்ற ஊர். கடலோரத்தில் வளர்ந்தவளுக்கு அந்தப் பயணம் மனத்தைக் கலைத்தது. அலை இருக்கிறது, எதிர்க்கரை மங்கலாக இருக்கிறது, பறவைகள் கூட்டமாகச் சுற்றுகின்றன. ஆனால் காற்றில் உப்பு இல்லை. உதட்டை நாக்கால் தொட்டுப் பார்த்தால் வெறும் ஈரம். தொலைவில் தண்ணீரிலிருந்து கறுப்புப் புகை எழுவதைக் கண்டு ஏதோ படகு எரிகிறது என்று பதறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பள்ளி ஆசிரியர் சிரித்தார். அது ஏரிக் கொசுக்கூட்டம்; கடிக்காது; ஏரிக்கடியில் புழுவாக வளர்ந்து ஒரே சமயத்தில் கோடிக்கணக்கில் மேலே கிளம்பும் என்றார்.

ம்பிட்டாவில் இறங்கியதும் கரையில் ஒரு சண்டை. பழைய வலைகளைத் தரையில் விரித்து, அதன்மேல் சுண்டுவிரல் நீள வெள்ளி மீன்களைக் காயப் போட்டிருந்தார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி இரண்டு குவியல்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். எதிரே, லாரியோடு வந்த ஒரு வியாபாரி. சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஆசிரியர் எனக்காக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"ரெண்டையும் ஒண்ணாக் கொட்டுங்க. ஒரே விலை போட்டு எடுத்துக்கிறேன்" என்றார் வியாபாரி.

"அது மழையில நனைஞ்சது, மண்ணு கலந்தது. கோழித் தீவனத்துக்கு அதை எடுத்துக்கோ. இது வலைமேல காஞ்சது. இது பிள்ளைங்க சாப்பிடுறது."

"கோழி தின்னாலும் பிள்ளை தின்னாலும் எனக்கு எடை ஒண்ணுதான்."

"உனக்கு எடை. எனக்கு வாடிக்கை."

வியாபாரி விலையை ஏற்றினார். அந்த அம்மா அசையவில்லை. கடைசியில் மண் கலந்த குவியல் மட்டும் மூட்டையாகி லாரியில் ஏறியது. நல்ல குவியலை அவர் தகர டப்பாவால் அளந்து, சந்தையில் சில்லறை விற்கும் பெண்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார். அந்த அளவு டப்பாவுக்கு கொரோகொரோ என்று பெயர். ஒவ்வொரு முறையும் டப்பாவின் மேல் ஒரு கை அதிகம் குவித்தார்.

அந்த மீனின் பெயர் ஒமேனா. தான்சானியாவில் டகா, உகாண்டாவில் முகேனே. கெண்டை இனத்தைச் சேர்ந்தது. நிலவில்லாத இரவுகளில் படகில் போய், மிதவைகளில் விளக்கை ஏற்றி நீரில் விடுவார்கள். வெளிச்சத்துக்குத் திரளும் மீனை வலையால் வளைப்பார்கள். முன்பு மண்ணெண்ணெய் விளக்கு, இப்போது சூரிய ஒளியில் சார்ஜ் ஏற்றும் விளக்குகளும் வந்துவிட்டன. அந்த ஏரியில் இன்று பெருமளவில் பிடிபடுவது மூன்று மீன்கள். நைல் பெர்ச்சும் நைல் திலாப்பியாவும் 1950-களிலிருந்து வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. நைல் பெர்ச் 1980-களில் பெருகியபோது ஏரிக்கே உரிய நூற்றுக்கணக்கான சிறு மீன் வகைகள் அழிந்தன, அல்லது அருகிப்போயின. மூன்றில் ஒமேனா ஒன்றுதான் அந்த ஏரியிலேயே பிறந்து வளர்ந்த பழைய குடி. சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் இனப்பெருக்கம் செய்வதால் அத்தனை வேட்டைக்கும் ஈடுகொடுத்து நிற்கிறது. கிசுமுவில் நான் "ஏரியின் மீன்" என்று நினைத்துக் கேட்டதோ வந்தேறி மீன்!

என்னைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்கு என்னைப் பற்றி ஒரு முடிவு தயாராக இருந்தது. இந்தியர்கள் மீன் சாப்பிடமாட்டார்கள், கடை வைத்திருப்பார்கள். அவர் அப்படி நினைத்ததில் நியாயம் இருக்கிறது. மொம்பாசாவிலிருந்து போட்ட ரயில் பாதை 1901-ல் கிசுமுவை எட்டியது. அதைப் போட 30,000-க்கும் மேற்பட்ட கூலிகளை இந்தியாவிலிருந்து கொண்டுபோனார்கள். பாதையோடு சேர்ந்து குஜராத்தி வணிகர்களின் கடைகளும் வந்தன. அவர் கண்ட இந்தியர்கள் அவர்கள்தான். எங்கள் ஊரில் இதேபோன்ற ஒரு மீனை மணலில் காயவைப்போம் என்று சொல்லி, கைப்பேசியில் நெத்திலிக் கருவாட்டின் படத்தைக் காட்டினேன். அவர் நீண்ட நேரம் பார்த்தார். "அப்படின்னா வா, சாப்பிட்டுக் காட்டு" என்றார்.

தகரக் கூரை போட்ட சமையல் கொட்டகை. ஒமேனாவை வெந்நீரில் போட்டு அலசினார், தண்ணீரை மாற்றி மறுபடி அலசினார். கசப்பும் மணலும் போக அப்படிச் செய்யவேண்டுமாம். வாணலியில் ஈரம் வற்றும்வரை வறுத்து, வெங்காயமும் தக்காளியும் எண்ணெயும் சேர்த்துக் கிளறினார். எனக்கு ஊர் வாசனை வந்துவிட்டது. அந்த நேரத்தில் ஒரு குவளைப் பாலை எடுத்து அதில் ஊற்றினார்.

மீனையும் பாலையும் சேர்த்துச் சாப்பிட்டால் தோலில் வெள்ளை படரும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். மோர் சாப்பிட்ட வயிற்றுக்கு மீன் போடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். கை தயங்கியது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உகாலியைப் பிட்டு, உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து, அதில் மீனை அள்ளிச் சாப்பிட்டேன். பால் கசப்பை அடக்கியிருந்தது. முள் தெரியாமல் முழு மீனும் பல்லில் நொறுங்கியது. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன். வெள்ளை ஏதும் படரவில்லை.

சாப்பிட்டபடியே அவர் சொன்னது சாப்பாட்டைவிடக் கனமானது. ஏரியில் படகும் வலையும் பெரும்பாலும் ஆண்களுடையவை. வாங்கிக் காயவைத்து விற்பது பெண்கள். மீன் குறைந்த நாட்களில் சில படகுக்காரர்கள் மீனுக்குப் பணம் மட்டும் போதாது, உடலும் வேண்டும் என்பார்கள். அந்த ஏற்பாட்டுக்கு ஜபோயா என்று பெயர். ம்பிட்டா அடங்கிய ஹோமா பே மாவட்டம் கென்யாவிலேயே எச்.ஐ.வி. மிக அதிகமுள்ள இடங்களில் ஒன்றாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கிசுமு அருகே ஒரு கரையில் பெண்களே சேர்ந்து சொந்தப் படகு வாங்கி இதிலிருந்து விடுபட முயன்றிருக்கிறார்கள். அந்த அம்மாவும் உறவுக்காரப் பெண்களோடு கூட்டுச் சேர்ந்து ஒரு படகில் பங்கு வாங்கியிருந்தார். "என் மீனுக்கு நான்தான் விலை சொல்லணும்" என்றார். கரையில் அவர் அசையாமல் நின்றதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை என்று சொன்னேன். அவர் வியந்தார். அங்கும் ஏப்ரல் 1 முதல் ஜூலை 31 வரை ஒமேனா பிடிக்கத் தடை. "அந்த நாளில் உங்க ஊர்க்காரங்க சோத்துக்கு என்ன செய்வாங்க?" என்று கேட்டார். அரசு நிவாரணத் தொகை தருகிறது, அது போதவில்லை என்று மீனவர்கள் சொல்கிறார்கள் என்றேன். "போதலைன்னு சொல்றதுக்காவது ஒண்ணு இருக்கே" என்றார். அந்த நான்கு மாதமும் அவர் மக்காச்சோளம் விற்கிறார்.

அந்த ஏரியில் பிடிபடும் ஒமேனாவில் பெரும்பகுதி மனிதர் வாய்க்குப் போவதில்லை, அரைபட்டுத் தீவனமாகிறது. எலும்போடு முழுதாகத் தின்னக்கூடிய, சுண்ணாம்புச் சத்தும் புரதமும் நிறைந்த, ஏழையும் வாங்க முடிந்த மீன் அது. ஏற்றுமதியாகும் சதையைவிட அந்தச் சிறு மீன்தான் கரையோரக் குழந்தைகளை வளர்க்கிறது. அதை முதல் தரமாகக் காயவைத்துக் கோழிக்குத் தரமாட்டேன் என்று நிற்கும் பெண்கள்தான் அந்த ஏரியின் உண்மையான காவலர்கள் என்பது என் முடிவு. எங்கள் வீட்டில் இப்போது விருந்துக்கு நெத்திலியும் உண்டு.

நீங்கள் விக்டோரியா ஏரிப் பக்கம் போனால் திலாப்பியாவோடு நிறுத்திவிடாதீர்கள். ஒமேனா கேளுங்கள், பால் விட்டுச் சமைத்ததாகக் கேளுங்கள், கரையிலே பெண்களிடம் அவர்கள் சொல்லும் விலைக்கு வாங்குங்கள். ஏப்ரலிலிருந்து ஜூலை வரை மட்டும் புது மீன் கேட்காதீர்கள். அது ஏரிக்கு ஓய்வு கொடுக்கும் காலம்.