குடிக்கூலியும் குலக் கேள்வியும்

"மின்சாரம், தண்ணீர் உட்பட வாடகைக்கு விடப்படும்" — சேலம் நகரிலே, ஒரு சந்துச் சுவரிலே தொங்கிய அட்டை இப்படி அழைத்தது. அழைத்தது அட்டை, விரட்டியது அட்டைக்குரியவர். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தோம், தோழர்களே!

நமக்கு ஊர் கொட்டச்சேடு. சேர்வராயன் மலையிலே, ஏற்காட்டை அடுத்துக் காப்பியும் மிளகும் விளையும் பூமி. கலெக்டர் காக்பர்ன் 1820களில் காப்பிச் செடியைக் கொணர்ந்த மலை. அதன் பழத்தைப் பறித்துப் பறித்து நம் அன்னையின் கை காய்த்தது. நாம் பிறந்ததும் வளர்ந்ததும் தோட்டத்து லைன் வீட்டில். வாடகை இல்லை, தண்ணீர்க் காசு இல்லை. ஆகா, என்ன தாராளம் என்பீர்! தாராளமன்று. தோட்டத்திலே தங்கி உழைப்போர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் வீடும் குடிநீரும் தருவது முதலாளியின் கடமை என 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. ஆனால் அந்த வீடு, உழைக்கும் கையோடு கட்டிய கயிறு. கை ஓய்ந்தது; காலி செய் என்றனர். முப்பது ஆண்டு மெழுகிய தரை தம்முடையதல்ல என்பது அன்றுதான் அன்னைக்கு உறைத்தது.

இறங்கினோம் சேலத்துக்கு.

அட்டைக்குரியவர் நல்ல மனிதர்தாம் — முதல் ஐந்து நிமிடம். "வாங்க தம்பி, உட்காருங்க" என்றார். ஒரே வரிசையில் நான்கு வீடு, பொதுக் குழாய், பொதுக் கழிப்பிடம். இதற்கும் லைன் வீடு என்றே பெயர்! மாதம் 4,500 ரூபாய். 'உட்பட' என்றால் எதுவரை என்று கேட்டோம். மாதம் 50 யூனிட் வரையாம். மேற்கொண்டு யூனிட்டுக்குப் பத்து ரூபாயாம். நான்கு வீட்டுக்கும் மீட்டர் ஒன்றே. 2016 முதல் தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இணைப்பு ஒன்றென்றால் சலுகையும் ஒன்றே. நால்வர் சேர்ந்து எரிப்பதால் கணக்கோ உயர்ந்த கட்டணப் படிக்கு ஏறுகிறது. ஏழைக்கென அரசு அனுப்பிய வெளிச்சம் எந்த வாசலோடு நின்றுவிட்டது, பார்த்தீர்களா?

அதற்கும் தலையசைத்தோம். வேறு வழி? முன்பணம் எவ்வளவு என்று நாம் கேட்குமுன் அவர் கேட்டார்.

"மலையிலே எஸ்டேட்டா? நீங்க என்ன ஆளுங்க, தம்பி?"

"மனுசங்க" என்றோம்.

சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "சொந்தக்காரப் பையன் ஒருத்தன் கேட்டிருக்கான். பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார். மறுவாரமும் அட்டை அங்கேயே தொங்கிற்று. மின்சாரம் உட்பட, தண்ணீர் உட்பட — சாதியும் உட்பட!

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2017இல் இயற்றி 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிக்கக் கூடாது என்கிறது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது — ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டாலன்றி! அந்தச் சிறு சந்தில் பெரிய யானையே நுழையும். குலம் கேட்டுக் கதவடைப்பவரைத் தொடும் பிரிவு மட்டும் அதில் இல்லை. நிறம் பார்த்து, மதம் பார்த்து வீடு மறுக்கலாகாது என்று அமெரிக்க நாடு 1968இலேயே சட்டம் செய்தது. நம் நாட்டிலும் வழி தெரியாமலில்லை: 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையிலே திறந்த முதல் சமத்துவபுரத்தின் நூறு வீடுகளில் நாற்பது ஆதிதிராவிடர்க்கு, இருபத்தைந்து பிற்பட்டோர்க்கு, இருபத்தைந்து மிகப் பிற்பட்டோர்க்கு, பத்து ஏனையோர்க்கு. அடுத்த வீட்டுக்காரர் யாரென்று தேர்ந்தெடுக்கும் உரிமை எவர்க்கும் தரப்படவில்லை. அரசு கட்டிய வீட்டில் ஆகும் காரியம், ஆசாமி கட்டிய வீட்டில் ஏன் ஆகாது?

நாம் ஊருக்கு வெளியே வேறு வீடு பிடித்தோம். வாடகை ஆயிரம் கூட, 'உட்பட' எதுவுமில்லை, மீட்டர் தனி. வீட்டுக்கார அம்மாள் எதையும் கேட்கவில்லை, முன்பணத்தைத் தவிர. முதல் மின் கணக்கு வந்தது: கட்டவேண்டிய தொகை ஏதுமில்லை. அன்னையிடம் காட்டினோம். அவர் அந்தத் தாளைப் பார்க்கவேயில்லை.

"இங்கிருந்து எப்போ போகச் சொல்வாங்க?" என்றார்.

பத்திரத்தில் பதினொரு மாதம் என்று இருக்கிறது, அம்மா என்றோம்.

"அதுக்கப்புறம்?"