இருபதுக்குப் பதினான்கு

எங்களுக்குப் பிரெஞ்சு எடுத்த முசே ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். அவருடைய கணக்குப்படி இருபது மார்க் கடவுளுக்கு, பத்தொன்பது அவருக்கு. பதினெட்டு வாங்கப்போகும் பையன் இன்னும் பிறக்கவில்லை. மிச்சம் இருப்பதை நாங்கள் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

வாரத்துக்கு ஒருநாள் 'திக்தே' இருக்கும். அவர் நிறுத்தி நிறுத்தி வாசிப்பார், நாங்கள் எழுதவேண்டும். ஐந்து தப்பு வந்தால் பூஜ்யம். தாள் திரும்பி வரும்போது சிவப்பு மையில் குளித்திருக்கும். சரியாக எழுதிய வரிக்கு ஒரு கோடு, ஒரு புள்ளி கிடையாது. அவர் வாயிலிருந்து வரும் உச்சகட்டப் பாராட்டு 'பா மால்', அதாவது மோசமில்லை. ஒருமுறை எனக்குப் பதினான்கு கிடைத்தது. அப்பா அதை எங்கள் வீதி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பக்கத்து வீட்டில் தமிழ் மீடியம் படித்த பையனின் அம்மா, "நூத்துக்குப் பதினாலா? ஐயோ பாவம்" என்று எனக்காக வருத்தப்பட்டார்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்திய அரசிடம் கொடுத்தார்கள். சட்டப்படி முழுதாக இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். நான் பள்ளிக்கூடம் போனது இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவிலும் அதற்குக் கொஞ்சம் பின்னாலும். ஊர் இந்தியாவுக்கு வந்துவிட்டது, என் புத்தகப்பை மட்டும் பிரான்சிலேயே இருந்தது. பிரெவே பாஸ் செய்து, 1972-ல் அரசு அலுவலகத்தில் எல்.டி.சி.யாகச் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்த இங்கிலீஷ், பிரெஞ்சு உடம்புக்கு மாட்டிய இங்கிலீஷ் சட்டை.

டைப்பும் அப்படித்தான். மாமா வீட்டில் இருந்த பழைய பிரெஞ்சு மெஷினில் பழகியவன் நான். அதில் ஏயும் க்யூவும் இடம் மாறியிருக்கும், எம் வேறு மூலையில் இருக்கும். ஆபீஸ் ரெமிங்டனில் உட்கார்ந்து 'மெட்ராஸ்' என்று அடித்தால் செமிகோலனில் தொடங்கி, இரண்டு ஏக்கும் க்யூ விழுந்து, ஏதோ ரகசியச் சங்கேதம் மாதிரி இருக்கும். டெஸ்பாட்ச் கிளார்க், "இது எந்த நாட்டுத் தம்பி?" என்று கேட்டார்.

சேர்ந்த மூன்றாம் மாதம் சித்தப்பா மகள் கல்யாணம். லீவ் லெட்டர் எழுதினேன். பிரெஞ்சில் ஒன்றைக் கேட்பதற்கு 'தெமாந்தே', ஒரு விசேஷத்தில் கலந்துகொள்வதற்கு 'அசிஸ்தே'. இங்கிலீஷிலும் அண்ணன் தம்பிகள்தானே என்று நினைத்து, மூன்று நாள் லீவை 'டிமாண்ட்' செய்கிறேன், கல்யாணத்துக்கு 'அசிஸ்ட்' செய்யப் போகிறேன் என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சூப்பரின்டெண்டென்ட் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். எழுந்து நின்றார். செக்‌ஷன் முழுக்கக் கேட்கும்படி படித்தார். "கேட்டீங்களாய்யா, தொர மூணு நாள் லீவை டிமாண்ட் பண்றாரு. கொடுக்கலேன்னா ஸ்டிரைக் பண்ணுவாரோ என்னமோ! கல்யாணத்துக்கு அசிஸ்ட் வேற பண்ணப்போறாராம். மாப்பிள்ளைக்கா, ஐயருக்கா?"

பதினொரு பேர் சிரித்தார்கள். தண்ணீர் கொண்டுவந்த பியூனும் சிரித்தார், என்ன விஷயம் என்று தெரியாமலே. அன்றிலிருந்து எனக்கு 'டிமாண்ட் தொரை' என்று பெயர். ரிடையர் ஆகும்வரை இரண்டு பேர் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அன்று சாயங்காலம் ஐந்தரைக்கு நான் கிளம்பும்போது அவர், "தம்பி, இரு" என்றார். அலமாரியிலிருந்து ஒரு தடித்த பழைய பைலை எடுத்துப் போட்டார். இருபது வகைக் கடிதங்கள். லீவ், அட்வான்ஸ், நினைவூட்டல், மன்னிப்பு, மழுப்பல் எல்லாவற்றுக்கும் மாதிரி. "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்து எழுது. யார்கிட்டயும் சொல்லாதே" என்றார். அந்த பைல்தான் எனக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுத்தது. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என் காதில் கேட்டது அந்தச் சிரிப்புதான். பைலுக்காக அவருக்கு நான் நன்றி சொல்லவே இல்லை. இப்போது சொல்ல அவர் இல்லை.

இன்னொரு அதிகாரி, வடக்கேயிருந்து வந்தவர். என் நோட்டின் ஓரத்தில் 'ஸ்பீக்' என்று ஒரே வார்த்தை எழுதி அனுப்பினார். ஆபீஸ் வாசகர்களுக்கு அந்த வார்த்தையின் கனம் தெரியும். பைல் நாலு மணிக்கு வந்தது, ஐயா வெளியே போய்விட்டார், மறுநாள் ஞாயிறு. இரண்டு ராத்திரி தூக்கமில்லை.

விஷயம் ஒரு வீடு. பிரெஞ்சுக் காலத்து நொத்தேர் எழுதிய பத்திரம். எங்கள் செக்‌ஷனில் பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே என்பதால் மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது. அதில் கிழவி ஒருத்திக்கு 'உய்சுஃப்ருய்', பிள்ளைகளுக்கு 'நூ ப்ரோப்ரியெத்தே' என்று இருந்தது. வீடு பிள்ளைகள் பேரில். ஆனால் தாய் உயிரோடு இருக்கும்வரை அதில் குடியிருக்கவும், வாடகைக்கு விட்டால் அந்த வாடகையைச் சாப்பிடவும் அவளுக்குத்தான் உரிமை. நான் அவசரத்தில் சொத்து பிள்ளைகளுடையது என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். தாயின் பங்கை விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை உள்ளே போனதும் அவர் எழுந்து கதவைச் சாத்தினார். எனக்குக் கால் நடுங்கியது. பத்திரத்தை என் பக்கம் தள்ளி, "இந்த பாஷை எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். இன்னொரு தடவை நிதானமாகப் படியுங்கள்" என்றார், இங்கிலீஷில். அவ்வளவுதான். படித்தேன். இரண்டாவது பாராவில் மாட்டிக்கொண்டேன். வேறு தாள் எடுத்து அங்கேயே எழுதிக் கொடுத்தேன். பழைய தாளை என் கையிலேயே கொடுத்துவிட்டார். பிறகு கதவைத் திறந்து, வெளியே ஸ்டெனோ, பார்வையாளர், பியூன் எல்லோர் காதிலும் விழும்படி, "தேங்க் யூ, நல்ல வேலை" என்றார்.

கதவைத் திறந்தது காற்றுக்காகவும் இருக்கலாம். அந்த அறையில் ஃபேன் சரியாகச் சுற்றாது. ஆனால் சாத்தியது எனக்காகத்தான்.

இந்த இரண்டு பேரையும் பார்த்தவன் நான். பிறகு நானே சூப்பரின்டெண்டென்ட் ஆனபோது என்ன செய்திருக்க வேண்டும்? செய்ததைச் சொல்கிறேன். ஒரு டஜன் சிவப்புப் பேனா வாங்கினேன்.

எங்கள் முசே என் கைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார். வருகிற டிராப்டில் எல்லாம் வட்டம், அடிக்கோடு, ஓரத்தில் கேள்விக்குறி. சரியாக இருந்தால் பேசாமல் கையெழுத்து. தப்பாக இருந்தால் செக்‌ஷனுக்கே பாடம். நான் மட்டும் தப்பே செய்யாதவன் என்று நினைக்காதீர்கள். காரைக்கால், மாஹே, ஏனாம் மூன்றுக்கும் ஒருமுறை, 'டைப்ரைட்டர் வேலை செய்கிறதா, இல்லையென்றால் காரணம் என்ன' என்று சுற்றறிக்கை விட்டேன். 'டைப்ரைட்டர் வேலை செய்கிறது, டைப்பிஸ்ட் வேலை செய்யவில்லை, காரணம் பிரசவ விடுப்பு' என்று ஓரிடத்திலிருந்து பதில் வந்தது. எத்தனை மெஷின், எந்த வருஷத்து மெஷின் என்று நான் கேட்கவே இல்லை. அந்தக் கடிதத்தை மட்டும் சத்தம் போடாமல் பைலில் கட்டிவிட்டேன்.

என் செக்‌ஷனில் ஒரு பெண் இருந்தார். அமைதியானவர். எழுதுவது நேராக இருக்கும், சுற்றி வளைக்காது. ஸ்பெல்லிங் மட்டும் கொஞ்சம் தடுக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு காரைக்காலுக்குப் பட்டியல் வேலைக்கு அவரை அனுப்பினோம். யார் வீடு போனது, யார் வீட்டில் யார் போனார்கள் என்று எடுக்கும் வேலை. அங்கிருந்து பேக்ஸில் ஒரு குறிப்பு அனுப்பினார். இரண்டே பக்கம், கையால் எழுதியது. எந்தக் குடும்பத்துக்கு எந்தச் சான்று இல்லை, அதற்குப் பதில் எதை ஏற்றுக்கொள்ளலாம் என்று அவ்வளவு தெளிவு. மேலதிகாரி அதை வைத்தே உத்தரவு போட்டார்.

நான் அதிலும் இரண்டு வட்டம் போட்டேன். போட்டுத் திருப்பி பேக்ஸும் அனுப்பினேன். அந்த நேரத்தில் அந்த ஊரில் அந்தப் பெண் என்னத்தைப் பார்த்துவிட்டு வந்து அதை எழுதினார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியது இரண்டு எழுத்து மட்டும்.

அந்த வருஷம் அவருடைய சி.ஆரில் நான் 'வெரி குட்' போட்டேன். நெருக்கடியில் நம்பி அனுப்பலாம், இவர் எழுதினால் மறுபடி கேள்வி கேட்க வேண்டியிருக்காது என்று எழுதினேன். எழுதி, கவரில் போட்டு, அரக்கு வைத்து அனுப்பினேன். எங்கள் காலத்து வழக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். சி.ஆரில் குறை எழுதினால் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிப்பார்கள், நிறை எழுதினால் பீரோவில் பூட்டிவைப்பார்கள். திட்டு வீடு தேடி வரும். பாராட்டு பென்ஷன் வரைக்கும் வெளியே வராது.

2008-ல் தேவ் தத் என்பவர் வழக்கில் உச்ச நீதிமன்றம், எழுதியது எதுவானாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு மத்திய அரசும் முழு அறிக்கையையும் காட்டச் சொல்லி உத்தரவு போட்டது. அதெல்லாம் எங்கள் செக்‌ஷனுக்கு வந்து சேர 2010 ஆகிவிட்டது. நானே அவரவரைக் கூப்பிட்டு காப்பி கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன்.

அந்தப் பெண் வாங்கிப் படித்தார். நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தார்.

"சார், இது என்னுதுதானா?"

"ஏம்மா, மேல பேர் போட்டிருக்கில்ல?"

"இத்தன வருஷமா உங்களுக்கு என்னைக் கண்டாலே பிடிக்காதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் சார். ரெண்டு தடவ டிரான்ஸ்பர்கூடக் கேட்டேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. காரைக்கால் வருஷமும் இதையேதான் எழுதினேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க வட்டம் போட்ட பேக்ஸ் இன்னும் வீட்ல வச்சிருக்கேன் சார்" என்றார்.

'மன்னிச்சுக்கோம்மா' என்று சொல்ல வேண்டிய இடம் அது. நான் சொன்னது, "ஸ்பெல்லிங்கும் பாத்துக்கணும்ல" என்று. வாய் அப்படி வளர்ந்துவிட்டது. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

2011-ல் நான் ரிடையர் ஆன அன்று வழக்கம்போல சமோசா, ஸ்வீட், சால்வை. ஆளுக்கு ஆள் நான் எவ்வளவு கண்டிப்பானவன் என்று புகழ்ந்தார்கள். என் முறை வந்தபோது பேப்பரில் எழுதிவைத்திருந்த நன்றியுரையை மடித்து வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் சி.ஆரில் நான் எழுதியிருந்த நாலு வரியை மனப்பாடமாகச் சொன்னேன். பேரோடு. காரைக்கால் பேக்ஸையும், அதில் நான் போட்ட இரண்டு வட்டத்தையும் சொன்னேன். அந்த வட்டம் தப்பு என்றும் சொன்னேன். செக்‌ஷன் கப்சிப். ரகசிய ஆவணத்தைப் பொதுவில் வெளியிட்டதற்கு மெமோ கொடுத்திருக்கலாம், ஆனால் மறுநாள் நான் சர்வீஸில் இல்லை. அந்தப் பெண் பின்வரிசையில் சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் நின்றிருந்தார்.

என் முதல் சூப்பரின்டெண்டென்ட் என்னைப் பற்றி என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கவர்கள் எந்த ரெக்கார்ட் ரூமில் பூச்சி அரித்துக் கிடக்கின்றனவோ. ஒருதடவைகூட என் பிரமோஷன் தள்ளிப்போகவில்லை. எனக்கு இருக்கும் சாட்சி அவ்வளவுதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வீட்டம்மா வத்தக்குழம்பு பரிமாறிவிட்டு, "எப்படி?" என்றார்கள். "பா மால்" என்று பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. உடனே திருத்திக்கொண்டு, "பதினேழு" என்றேன்.

"இருபதுக்குத்தானே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்கள்.