விரலால் படித்தல்

பல வருஷங்களுக்கு முன் ஒரு சிறு பத்திரிகையில் லூக்காஸா பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நண்பர் ஒருவர் கொடுத்த ஆங்கிலச் சஞ்சிகையில் ஒரு புகைப்படம்: கையில் அடங்கக்கூடிய மரப்பலகை, நடுவில் இடைபோல் ஒடுங்கியது, மேலெல்லாம் மணிகள். கீழே 'காங்கோ, லூபா மக்கள்' என்றிருந்தது. அதற்குமேல் நான் படிக்கவில்லை. மணிகள் சிதறிக் கிடந்த விதத்தில் எனக்குப் பால் க்ளே தெரிந்தார். 'விஷயத்தின் சுமை இல்லாத தூய உருவம்' என்று எழுதினேன். யாரும் மறுக்கவில்லை. ஒருவர் பாராட்டிக் கடிதம்கூடப் போட்டார்.

சுமை இல்லை என்று நான் சொன்ன அந்தப் பலகை சுமந்தது ஒரு ராஜ்யத்தின் சரித்திரத்தை.

லூபா, பாண்ட்டு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி பேசும் மக்கள். இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசின் தென்கிழக்கில், காங்கோ நதியின் தலையாறான லுவாலாபா, உபெம்பா என்ற பள்ளத்தில் இறங்கி ஏரிகளும் சதுப்புகளுமாகப் பரந்துவிடுகிறது. கிசாலே ஏரியில் பாப்பிரஸ் கோரை பின்னிப் பிணைந்து தீவுகளாக மிதக்கிறது. மீன் பிடிப்பவர்கள் அதன்மேல் குடிசை போட்டு வாழ்கிறார்கள். ஏரிக் கரையில் சங்கா என்ற இடத்தில் 1957இல் தோண்டத் தொடங்கியபோது பெரிய இடுகாடு ஒன்று வெளிப்பட்டது. பானைகளும் செம்பு நகைகளுமாக ஆயிரம் வருஷத்துக்கு முந்திய மனிதர்கள். லூபா அரசு எழுந்தது இந்த நீரையும் மீனையும் செம்பையும் வைத்துத்தான்.

அந்த அரசின் ஞாபகத்தைக் காத்தது ம்புட்யே என்ற சங்கம். படிப்படியாகத் தீட்சை பெற்று மேல்நிலைக்கு வந்தவனுக்கே பலகையைப் படிக்கும் அதிகாரம். இடது கையில் ஏந்தி, வலது கைச் சுட்டுவிரலால் மணிகளைத் தொட்டு நகர்ந்தபடி அவன் சொல்லுவான். பெரிய மணியைச் சுற்றிச் சின்ன மணிகள் இருந்தால் தலைவனும் பரிவாரமும். வரிசையாகப் போகும் மணிகள் ஒரு வழித்தடம். குடித்துக் கொடுமை செய்த சிவப்பு அரசன் நிகொங்கோலோ, கிழக்கிலிருந்து வந்த வேட்டைக்காரன் ம்பிடி கிலுவே, பிறர் காணாமல் உண்ணும் அரச மரியாதையை அவன் கொண்டுவந்தது, அவன் மகன் கலாலா இலுங்கா மாமனை வென்று அரசனானது - எல்லாம் விரல் போகிற வழியில் வந்துவிடும். ஆனால் ஒரே பலகை இன்னொருவன் கையில், இன்னொரு சபையில், அதே கதையாக வராது. எந்த வம்சத்துக்கு எந்த உரிமை என்று வழக்கு வரும்போது, அந்த வழக்குக்கு வேண்டியதைப் பலகையிலிருந்து எடுத்தாக வேண்டும்.

புகைப்படத்தில் பின்பக்கம் தெரியவில்லை. அங்கே ஆமையோட்டைப் போலக் கீறல் கோலங்கள். நிலத்திலும் நீரிலும் நடமாடும் ஆமைதான் ம்புட்யே சங்கத்தின் சின்னம். அதே கோலங்கள் லூபாப் பெண்களின் தோலில் தழும்புகளாகவும் இருந்தன. அரசன் இறந்தால் அவன் ஆவியை ஒரு பெண் தன் உடம்பில் ஏற்பாள். அவ்வளவு பாரத்தைத் தாங்குவது பெண்ணுடம்பு ஒன்றுதான் என்பது அவர்கள் எண்ணம். சதுப்பு, ஆமை, பெண், பலகை என்று தனித்தனியாக எழுதிக்கொண்டு போவது என் வசதிக்காக.

பின்னொரு சமயம் ப்ரூக்ளின் மியூஸியத்தில் லூக்காஸா ஒன்றை நேரில் பார்த்தேன். 1923லேயே காங்கோச் சாமான்களைக் கலை என்று சொல்லிக் காட்சிக்கு வைத்த இடம் அது. அன்றைக்கு அது ஒரு தைரியமான காரியம். ஆனால் என்னுடைய 'தூய உருவ'மும் அந்த வம்சத்தில் பிறந்ததுதான். கண்ணாடிக்குள் வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது. என்னை அறியாமல் என் சுட்டுவிரல் கண்ணாடிமேல் ஊர்ந்துகொண்டிருந்தது. தொடக்கூடாது என்றார் காவலர். நான் தொட்டது கண்ணாடியைத்தான். இருந்தாலும் விரலை எடுத்துக்கொண்டேன். எடுக்காவிட்டாலும் எனக்கு ஒன்றும் வந்திருக்காது.

உபெம்பாச் சதுப்பில் ஒரு மான் உண்டு. லெச்வே வகை. 1940களில் சேகரித்த அதன் மண்டையோடுகளும் கொம்புகளும் மியூஸியத்தில் கிடந்தன. 2005இல் ஒருவர் அவற்றை அளந்து பார்த்து, இது தனி இனம் என்று பெயர் வைத்தார். மான் இன்று மிக அரிது. ஆனால் எலும்பு அரை நூற்றாண்டு காத்திருந்து தனக்கொரு வாசகனைப் பெற்றுவிட்டது. பலகை அப்படிக் காத்திருக்க முடியாது. இந்த மணி இன்னார் என்பது மணியில் இல்லை. விரலுக்கு விரல் கைமாறி வந்தது. 1980களின் கடைசியில் மேரி நூட்டர் ராபர்ட்ஸ் லூபா நாட்டுக்குப் போனபோதும் பலகை படிக்கிறவர்கள் அங்கே இருந்தார்கள். அவர் பங்கு கொண்டு 1996இல் நியூயார்க்கில் நடந்த கண்காட்சியின் புத்தகத்திலிருந்துதான் எனக்கு இவ்வளவும் தெரியவந்தது. எனவே படிப்பு செத்துவிட்டது என்று புலம்ப எனக்கு உரிமை இல்லை. கண்ணாடிக்குள் இருந்த பலகைக்கு அதன் ஆளைத் தெரியாது. அவ்வளவுதான்.

கவிதை தன்னளவில் முழுமையானது, ஆசிரியனும் வேண்டாம் சூழலும் வேண்டாம் என்று நம் கூட்டங்களில் உரக்கச் சொன்னவர்களில் நானும் ஒருவன். அதை முற்றாகக் கைவிடத் தோன்றவில்லை. ஆனால் இப்போது ஒரு சந்தேகம் கூடவே வருகிறது. ஒரு படைப்பில் விஷயமே இல்லை, உருவம்தான் என்று நான் பரவசப்படும்போது, அதன் பக்கத்தில் நின்று படித்துச் சொல்ல வேண்டியவன் எங்கே போனான் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் தூய்மை என்று கண்டது அவன் இல்லாத வெற்றிடமாக இருக்கலாம்.

அந்தப் பழைய இதழை இன்னும் வைத்திருப்பவர்கள் பத்துப் பேர் இருப்பார்களோ என்னவோ. அந்த நாலு வரியை அடித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். க்ளேயின் பெயரை விட்டுவைக்கலாம். அவர்மேல் தப்பில்லை.