டேப்பர் போடும் கை

லேத்தில் 600 மில்லிமீட்டர் நீளத் தண்டு ஒன்று சுழல்கிறது. ஒரு முனை 30 மில்லிமீட்டர் விட்டம், மறுமுனை 16. நடுவில் படி தட்டாமல் சீராக மெலிந்துகொண்டே போக வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டையின் உள்தெரு ஒன்றில், நாலு மெஷின் போட்ட பட்டறை. டர்னருக்கு வயது அறுபதை ஒட்டி இருக்கும். பையன்களுக்கு அவர் ‘அண்ணே’. தண்டின் கடைசி முனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக்கை 7 மில்லிமீட்டர் தள்ளி வைத்திருக்கிறார், இரண்டு விட்டங்களின் வித்தியாசத்தில் பாதி. கணக்கு அதோடு சரி. மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

பேக்கிங் மெஷினுக்குப் போகிற ஷாஃப்ட் அது. நான் பார்க்கப் போனதோ ரைஃபிள் குழலின் உருவத்தை. இங்கே துப்பாக்கி வேலை கிடையாது. லைசென்ஸ் இல்லாமல் செய்தால் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் சும்மா விடாது. ஆனாலும் வேட்டை ரைஃபிளின் குழல் இதற்கு உடன்பிறப்புதான். தோட்டா வெடிக்கும் அடிப்பக்கம் சுமார் 30 மில்லிமீட்டர், வாய்ப்பக்கம் 15, 16. எஃகுகூட ஒரே குடும்பம்: அமெரிக்கக் குழல்காரர்கள் 4140 என்று வாங்குவது, அம்பத்தூரில் ஈஎன்19.

அடிப்பக்கத்தில் கைவைக்க முடியாது. .30-06 தோட்டா வெடிக்கையில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு வரை போகலாம். நுனியை எவ்வளவு மெலிக்கலாம் என்பதில்தான் பேச்சே. விட்டத்தை இரட்டிப்பாக்கினால் தண்டின் எடை நாலு மடங்கு. விறைப்போ பதினாறு மடங்கு. அதே விட்டத்தில் நீளம் இரட்டித்தால் எட்டு மடங்கு அதிகமாக வளையும். கொஞ்சம் சதை போட்டாலே குழல் நிறைய உறுதியாகிவிடும், ஆனால் தோள் வலிக்கும்.

டூல் நடுப்பகுதிக்கு வந்ததும் தண்டு முனக ஆரம்பித்தது. “சாட்டர் வருது, ஸ்டெடியைக் கொண்டா தம்பி” என்றார். தண்டு அதிராமல் நடுவில் தாங்கிப் பிடிப்பது ஸ்டெடி. வேகத்தையும் குறைத்தார். அதற்குள் வெட்டிய பரப்பில் மீன்செதில்போல வரிகள் விழுந்திருந்தன. பிறகு டெயில் ஸ்டாக்கில் தண்டின் முனையை அழுத்திப் பிடிக்கும் சென்டரைத் துளி தளர்த்தி மறுபடி இறுக்கினார். ஏன் என்றேன். “சூடாயிடுச்சு சார், நீளுது. போக இடமில்லன்னா வளைஞ்சிரும்.” உண்மைதான்: 600 மில்லிமீட்டர் எஃகு 40 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 0.3 மில்லிமீட்டர் நீளும்.

துப்பாக்கியிலும் வில்லன் அந்தச் சூடுதான். துளை நடுவில் இல்லாமல் ஒருபக்கச் சுவர் மெலிந்திருந்தாலோ, எஃகுக்குள் பழைய இறுக்கம் மிச்சமிருந்தாலோ, சூடேறச் சூடேறக் குழல் ஒருபக்கம் சாயும். குண்டு விழும் இடமும் நகரும். மெல்லிய குழலில் இது சில தோட்டாக்களிலேயே தெரிந்துவிடும். டாங்கிலும் இதே கதைதான்: ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவான அர்ஜுனைப் பாருங்கள். அர்ஜுனின் 120 மில்லிமீட்டர் பீரங்கிக் குழலுக்கு வெப்ப உறை போர்த்தியிருக்கிறார்கள். வெயில் ஒருபக்கம் அடித்தாலே அவ்வளவு பெரிய குழலும் வளையும்.

மலையேறி அலையும் வேட்டைக்காரருக்கு மெல்லிய குழல் போதும். அவருக்குக் காரியம் முதல் தோட்டாவில், அதுவும் குளிர்ந்த குழலிலிருந்து. இலக்குக்குச் சுடுபவர் ஒரே இடத்தில் நின்று அல்லது படுத்து, வரிசையாகச் சுடுகிறார். அவருக்குத் தடித்த குழல். அதற்கும் வரம்பு உண்டு: சர்வதேச 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் துப்பாக்கி 8 கிலோவைத் தாண்டக் கூடாது.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை ஏறக்குறைய முடித்துவைத்துவிட்டது. இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையின் .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிளை இன்று வாங்குபவர்கள் பெரும்பாலும் தற்காப்பு என்றுதான் விண்ணப்பத்தில் எழுதுகிறார்கள். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காடு மேடெல்லாம் நடக்கிறவர் இல்லாத ஊரில் அரைக் கிலோ குறைக்க நுனியை மெலிப்பதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை. சுடுதளத்துக்குக் காரில் போகிறவர் தடித்த குழலையே கேட்கலாம்.